பொனட்டுக்கு இந்தப் பக்கம்

2025 பெப்ரவரி 2, ஞாயிறு

இன்றும் தங்கச்சி ஸிபானாவின் வீட்டு முன்னறையில்தான் விடிந்தது. அவளுடைய மாப்பிள்ளை சுபஹுத் தொழப் போவதென்றால் என் பாயைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போதெல்லாம் "குறை நினைக்காதீங்க மச்சான்" என்கிறார். நல்ல மனிசன். அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு நாளாவது எரிந்து விழுந்தால் நானும் மூட்டையைக் கட்டலாம்.

கட்டி எங்கே போவது? நான் பிறந்தது இந்த வீட்டில்தான். உம்மா இதை ஸிபானாவுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தார். நான் கல்யாணம் முடித்துப் போன வீடு என் பெண்சாதி நுஸ்ஹாவின் சீதனம். எங்கள் ஊரில் ஆம்பிளைக்கு வீடு ஏது? கையில் ஒரு பை இருக்கிறது, அவ்வளவுதான்.

பெப்ரவரி 3

சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்குடிக்கு மோட்டார் சைக்கிளில் போனால் ஒரு சிகரெட் முடிவதற்குள் போய்விடலாம். அச்சகத்துக்கு வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நுஸ்ஹா வீட்டு ஒழுங்கையைத் தாண்டுகிறேன். இன்றைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று எழுதுவதே பொய். பார்த்தேன். கொடியில் அவளுடைய பச்சைச் சல்வார் காய்ந்துகொண்டிருந்தது.

பெப்ரவரி 5, புதன்

நடந்ததை ஒரு தரம் ஒழுங்காக எழுதி வைப்போம். காருக்குக் கொட்டில் போட இடம் போதவில்லை. முற்றத்து மாமரத்தை வெட்ட ஆள் பிடித்தேன். ஒரு கொப்பு இறங்கியதும் நுஸ்ஹா ஓடி வந்தாள். "என்ட ஊட்டு மரம். என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களா?" என்றாள். வெட்ட வந்தவனுக்கு முன்னால். பதினொரு வருசம் அந்த வீட்டில் தின்று படுத்து எழும்பினவன் நான். "உன்ட ஊடு எண்டா நீயே இரி" என்று சொல்லிப் பையை எடுத்தேன்.

அவ்வளவுதான் சண்டை. அடி இல்லை, தூசணம் இல்லை. பிள்ளை குட்டியும் இல்லை, நடுவில் நின்று அழுவதற்கு.

முறை என்று ஒன்று இருக்கிறது. கோபித்துப் போன மாப்பிள்ளையைப் பெண் பக்கத்து ஆட்கள் வந்து கூப்பிட வேண்டும். அவளுடைய வாப்பா உயிரோடு இருந்தால் மறுநாளே வந்திருப்பார். அவளுடைய காக்கா, கூடப் பிறந்த அண்ணன், கத்தாரில். மிச்சம் அவர்கள் குடிக்குத் தலைவரான மரைக்கார் ஆதம்பாவா ஹாஜியார்தான். பள்ளிவாசலில் பஞ்சாயம் பேசுகிற மனிசன், அவருக்கும் கண் இல்லையா? ஜும்மாவுக்குக் காண்கிறார், ஸலாம் சொல்கிறார், போகிறார்.

நோன்பு வருகிறது. அதற்குள் யாராவது வருவார்கள்.

பெப்ரவரி 6

வட்சப்பில் நுஸ்ஹாவின் குரல்! "கார் சந்தியில சும்மா நிக்கக்குள்ள ஓஃப் ஆகுது. இண்டைக்கு ரெண்டு தரம். கராஜுக்குக் குடுக்கவா?"

இத்தனை நாளைக்குப் பிறகு இதுதான் பேச்சு. எத்தனை தரம் கேட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. "கராஜுக்குக் குடுக்கவா" என்கிற இடத்தில் ஒரு சின்ன இழுவை. இருக்கிறதா, நானாக வைத்துக் கேட்கிறேனா?

"குடுக்காத. நான் பாக்கிறன்" என்று அனுப்பினேன்.

பெப்ரவரி 7, வெள்ளி

அச்சகத்தில் பவிதரனிடம் கேட்டேன். என்னோடு மெஷினில் நிற்கிறவன், பாண்டிருப்பு ஊர்க்காரன். அவனிடமும் அதே மாதிரி ஜப்பான் கார். நான் சொல்லி முடிக்க முதலே த்ரொட்டில் பொடி என்றான். காற்று உள்ளே போகிற வாயில் ஒரு வட்டத் தகடு இருக்குமாம். அதைச் சுற்றிக் கரி பிடித்தால் சும்மா நிற்கும்போது எஞ்சினுக்கு மூச்சு முட்டுமாம். நுஸ்ஹா படிப்பிக்கிற பள்ளிக்கூடம் வரிப்பத்தான்சேனையில். இப்போது அந்தப் பக்கம் அறுவடை. றோட்டெல்லாம் வெட்டு மெஷின், வைக்கோல் தூசி. ஊத்தை சேராமல் என்ன செய்யும்.

வீட்டிலேயே துடைக்கலாம், ஒரு மணித்தியால வேலை என்றான். "ஒரு மணித்தியாலந்தானா?" என்று கேட்டுவிட்டேன். சிரித்தான், வெறுவாக்கலங்கெட்டவன்.

பெப்ரவரி 8, சனி

என் கையால் வெல்டிங் பிடித்த கேட். இன்றைக்கு அதைத் தட்டிவிட்டு வெளியே நின்றேன்.

நுஸ்ஹா திறந்தாள். மெலிந்திருக்கிறாள். அல்லது நான் அப்படிப் பார்க்க ஆசைப்பட்டேனோ. "சாவி இந்தா" என்றாள். பொனட்டைத் திறந்தேன். காற்றுக் குழாயின் கிளிப்பைக் கழற்றி எட்டிப் பார்த்தால், தகட்டின் ஓரமெல்லாம் சட்டியின் அடி மாதிரிக் கரி. துடைக்கிற ஸ்பிரே கல்முனைக் கடைகளில் முடிந்திருந்தது. பவிதரனிடம் ஒரு டின் இருக்கிறது, கொண்டு வருகிறேன் என்றுவிட்டுத் திரும்பப் பூட்டினேன். அச்சகத்தில் மண்ணெண்ணெயால் உருளை துடைக்கிறவன் நான். துணியை நனைத்து இன்றைக்கே ஏதாவது செய்திருக்கலாம். அடுத்த கிழமையும் வரலாமே என்றுதான் விட்டேன்.

போகும்போது தேத்தண்ணி கொண்டு வந்தாள். பூப்போட்ட கோப்பை, கீழே சோசர். வெளியாட்களுக்கு எடுக்கிற செட். விறாந்தைக் கட்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவு திறந்தே கிடந்தது. குசினியில் மீன் பொரிகிற சத்தம். வாங்க என்று ஒரு சொல் வரும் என்று நின்றேன். வரவில்லை. சோசரோடு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

பெப்ரவரி 11

கூரையோரப் பூவரசில் காகம் கரைந்தது. ஸிபானா, ஆரோ வரப்போறாங்க காக்கா என்றாள். மின்சாரசபை ஆள் வந்தான், மீற்றர் பார்க்க.

பெப்ரவரி 15, சனி

இன்றைக்கு நடந்ததை அவசரமாக எழுதுகிறேன், மறந்துபோகும் என்றல்ல.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு போனேன். பவிதரன் சொன்ன மாதிரியே பெட்டரியின் ஒரு வயரைக் கழற்றினேன். குழாயை எடுத்தேன். ஸ்பிரேயை நேரே அடிக்காமல் துணியில் அடித்துத் துடைத்தேன். ஓரத்துக்குப் பழைய பற்பிறஷ். கறுப்புக் கறுப்பாக வந்தது. தகடு பளபளவென்று வந்ததும், மெய்யாகவே சந்தோசமாக இருந்தது. எல்லாவற்றையும் பூட்டி நுஸ்ஹாவை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்.

கார் அலறியது. பெடலில் கால் வைக்காமலே நெடுஞ்சாலையில் ஓடுகிற மாதிரி. மீற்றரில் சிவப்பு முள் மேலே ஏறி நின்றது. கூடவே இன்னொரு கூத்து. சாவி போட்டதும் காரின் திரைக்குள்ளிருந்து ஒரு ஜப்பான்காரி ஏதோ சொல்லுவாள், நுஸ்ஹா எப்போதும் அவளுக்கு "வஅலைக்கும் ஸலாம்" சொல்லுவாள். பெட்டரி வயரைக் கழற்றியதில் போலும், இன்றைக்கு அவளும் இல்லை. திரையில் புரியாத எழுத்து மட்டும்.

"அந்தப் பொம்புளையையும் வெரட்டியாச்சா?" என்றாள் நுஸ்ஹா உள்ளே இருந்து.

எனக்கு வேர்த்துவிட்டது. பவிதரனுக்குப் போன் பண்ணினேன். அவன் பதறவே இல்லை. ஊத்தை இருந்த காலத்துப் பழக்கத்தில் கார் தகட்டை அளவுக்கு மேல் திறக்கிறதாம். இப்போது வழி சுத்தம், காற்று கூடிவிட்டது. அப்படியே ஓட விடச் சொன்னான். அதுவாகப் பழகி இறங்குமாம், பெடலை மட்டும் மிதிக்கக் கூடாதாம்.

ஆக, அவள் சாரதி ஆசனத்தில் சும்மா இருக்க வேண்டும். நான் பொனட்டுக்கு முன்னால் சும்மா நிற்க வேண்டும். நடுவில் பொனட் தூக்கி நிற்கிறது. அவள் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவளுக்குத் தெரியாது. எஞ்சின் சத்தத்தில் பக்கத்து வளவில் யாருக்கும் எதுவும் கேட்காது.

அவள்தான் முதலில், கொஞ்சம் கத்தி:

"போன கிழமை ஏன் வெளிய நிண்டு தேத்தண்ணி குடிச்சீங்க?"

"நீ வெளியதானே கொண்டு வந்து வெச்சாய். அதுவும் சோசரோட."

"கேட்டத் தட்டிட்டு நிண்டா சோசரோடதான் வரும். கதவத் திறந்து போட்டிட்டுத்தானே போன நான்? பொரிச்ச மீன் ஆருக்கு?"

எத்தனையோ நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். "முறை எண்டு ஒண்டு இரிக்கி. கூப்பிட ஆக்கள் வரணும்."

"ஒங்கட சொந்த ஊட்டுக்கு வாறதுக்கு ஒங்கள ஆரு கூப்பிடுற?"

"நீதானே சொன்னாய், உன்ட ஊடு எண்டு."

எஞ்சின் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. அவள் கத்தத் தேவையில்லாமல் போனது. அப்படியும் கத்தினாள்.

"ஓம். என்ட ஊடுதான், உம்மா எனக்குத் தந்த. ஆரும் கேட்டா அப்பிடித்தான் சொல்லுவன். நீங்களும் என்ட ஆள்தான். அத ஆரும் எழுதித் தரணுமா?"

பொனட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன். ஸ்பிரே கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லலாம் என்று கையில் டின்னையும் பிடித்துக்கொண்டேன். அவள் கேட்கவில்லை.

எஞ்சின் மெல்ல மெல்ல இறங்கிச் சீராக நின்றது. ஓடிப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டுக்கு வெளியே எடுத்தாள். "ஏறுங்க" என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நானும் ஏறவில்லை. அவள் கடற்கரைப் பக்கம் போனதும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன்டா வந்தாய்? மடையா. ஏன் வந்தாய்?

பெப்ரவரி 16

பச்சை மிளகாய் சேர்த்த சம்பல் தின்ன ஆசை, நுஸ்ஹா கையால். வேறு ஒன்றும் எழுத இல்லை.

பெப்ரவரி 20, வியாழன்

பவிதரன் கார் எப்படி என்று கேட்டான். நல்லா நிக்குதாம், மெசேஜ் வந்தது என்றேன். மெய்தான். "இப்ப ஓஃப் ஆகிறல்ல" என்று மட்டும் அனுப்பியிருந்தாள். இனிக் காரை வைத்து ஒரு சாட்டும் இல்லை. துடைத்துத் தொலைத்துவிட்டேனே, இன்னும் கொஞ்சம் ஊத்தையை விட்டிருக்கலாம்.

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தாளை அடுக்கிக்கொண்டே, தன் பெண்சாதியோடு கோபித்தால் தான் பின்கதவால் போய்ச் சோற்றுப் பானையைத் திறப்பதாகச் சொன்னான். அவர்களுடைய வீடு அவனுடைய அப்பா கட்டியது. அவனுக்கு இது விளங்காது. ஆனால் பானையைத் திறப்பது என்கிறானே, அது மட்டும் நாள் முழுக்க மண்டைக்குள் நின்றது.

பெப்ரவரி 24

தலைப்பிறை எப்போது என்று எல்லாரும் கதைக்கிறார்கள். விடியமுன் சஹர் சாப்பாட்டுக்கு எனக்கு என்ன பிடிக்கும் என்று ஸிபானா கேட்டாள். பாவம், அவள் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. நுஸ்ஹா சஹருக்கு எழுப்புகிற விதம் இருக்கிறதே, கால் பெருவிரலைப் பிடித்து இழுப்பாள். பெயர் சொல்ல மாட்டாள். நான் எழும்பி இருப்பேன், எழும்பாத மாதிரிக் கிடப்பேன்.

எனக்கு அந்த வீடு வேண்டும். வீடு இல்லை. அவள்.

மரைக்காருக்காகக் காத்திருப்பதென்றால் இந்த நோன்பும் போகும், பெருநாளும் போகும். அவர் வரவே மாட்டார் என்று வைப்போம். அப்போது நான் சாகும் வரை இந்தப் பாயிலா?

பெப்ரவரி 28, வெள்ளி

ஜும்மா முடிந்து பையை எடுத்தேன்.

கேட்டைத் தட்டவில்லை. கொளுவி எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். செருப்பைப் படியில் கழற்றினேன். நேரே குசினிக்குப் போய்ச் சோற்றுப் பானையைத் திறந்தேன். பானையில் சோறு இருந்தது, இரண்டு ஆளுக்கு.

நுஸ்ஹா வாசலில் நின்று பார்த்தாள். "கை கழுவினீங்களா?" என்றாள்.

மார்ச் 3, திங்கள்

நோன்பு. பள்ளியில் கஞ்சி வாங்க வாளியோடு வரிசையில் நின்று வந்தேன். நுஸ்ஹாவுக்குப் பள்ளிக்கூடம் லீவு, கட்லட்டுக்குக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

ஸிபானா போன் பண்ணினாள். சிரிப்பை அடக்க முடியாமல் கதைத்தாள். அஸருக்குப் பிறகு ஆதம்பாவா மரைக்கார் இன்னும் இரண்டு பெரிய ஆட்களோடு, ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டு, அவள் வீட்டுக்கு வந்தாராம். தொண்டையைக் கனைத்து, பேச்சைப் பெரிதாகத் தொடங்கி, நோன்பு காலம், மனத்தாங்கல் வைத்திருக்கக் கூடாது என்றெல்லாம் சொல்லிவிட்டு, நுஸ்ஹாவின் மாப்பிள்ளையைக் கூப்பிடச் சொன்னாராம். அவள் என்ன சொல்லுவாள்? பழத்தை வாங்கி வைத்துவிட்டாளாம்.

போனை வைத்தேன். யார் என்று நுஸ்ஹா கேட்டாள்.

"தங்கச்சி. ஆதம்பாவா மரைக்கார் வந்தாராம், என்னக் கூட்டிப் போக."

அவள் கிழங்கிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

"எங்க கூட்டிப் போகவாம்?" என்றாள்.