சட்டையில் தொங்கும் பெண்

மகளிர் விடுதி
மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாயில்லாப்பூச்சி எழுதிக்கொள்வது. நலம். போனை வார்டன் வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வதால் இந்த முறையும் காகிதம்தான்.

தையல் வரிசையிலிருந்து என்னை மாற்றிவிட்டார்கள். சட்டை வெட்டியபின் மிஞ்சும் துண்டுகளை நிறம் பார்த்துப் பிரிப்பது இப்போது என் வேலை. அவற்றைக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடியும் நூலாக்குகிறார்கள். நிறம் கலக்காமல் பிரித்தால் அந்த நூலுக்குச் சாயம் வேண்டாம், சாயம் இல்லாவிட்டால் தண்ணீரும் வேண்டாம். ஒரு சட்டைக்கு எத்தனை குடம் மிச்சம் என்று சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. விடுதிக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். “மிச்சம் பிடிச்ச தண்ணியை எந்தச் சட்டைடி குடிக்குது?” என்று பக்கத்து மேஜைக்காரி கேட்டாள். சிரித்தேன். தூசி மூக்கில் ஏறி, சிரிப்பு இருமலாகிவிட்டது.

பள்ளியில் சேர்க்கை ஜூன் கடைசிவரைதான். உன் வேலை நிரந்தரமானதும் என்னை மறுபடி படிக்க வைப்பதாகச் சொல்லியிருந்தாய். நிரந்தரமாகிவிட்டதாக அப்பா சொன்னார். நினைவூட்டுவதாக நினைக்காதே என்று எழுத வந்தேன். நினைவூட்டத்தான் செய்கிறேன்.

அன்புடன்,
வாயில்லாப்பூச்சி


மார்ச் 29

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் படிக்கட்டிலேயே படித்தேன். மறக்கவில்லை. ஜூனுக்குள் ஏதாவது செய்கிறேன்.

அதற்கு முன் நீ எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். உங்கள் தொழிற்சாலைச் சட்டைகளை விற்கும் கம்பெனியில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்பாயே, இப்போது சொல்கிறேன். சட்டையில் தொங்கும் அட்டைக்கு எழுதுகிறேன். அட்டையில் ஒரு சதுரக் கட்டம் இருக்கும். போனில் அதைப் படம் பிடித்தால், சட்டை செய்தவரின் கதை வரும். பூமியைக் கெடுக்காத சட்டை என்றால் மட்டும் இங்கே போதவில்லை, யார் செய்தது என்றும் கேட்கிறார்கள். நீ ஏன் பள்ளியை விட்டாய், இப்போது என்ன செய்கிறாய், எல்லாம் விவரமாக எழுது. உனக்குக் கூச்சம் என்று தெரியும். படம் வேண்டாம், பேரும் வேண்டாம்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குத் தெரியாத கதையா? கேட்டதால் எழுதுகிறேன்.

உனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த வாரம் அப்பா நம் இருவரையும் உட்கார வைத்தார். “ஒருத்தியைத்தான் என்னால படிக்க வைக்க முடியும்” என்றார். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். யாரும் கேட்காமல் நானாக வாய் திறந்தது அன்று ஒரு தடவைதான். “அக்கா படிக்கட்டும்ப்பா.”

கணக்கு டீச்சர் தந்திருந்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் வாங்கவில்லை. “வெச்சுக்கோ, வந்துடுவே” என்றார். இன்னும் பெட்டியின் அடியில்தான் இருக்கின்றன. தூக்கம் வராவிட்டால் கணக்கு மட்டும் போட்டுப் பார்ப்பேன். பாதிக்கு மேல் மறந்துவிட்டது.

உன் அட்டைக்கு இது போதுமா? ஜூன் நெருங்குகிறது, அக்கா.

அன்புடன்,
வாயில்லாப்பூச்சி


ஜூன் 2

என் செல்லத் தங்கைக்கு,

அட்டை வந்துவிட்டது. படித்துவிட்டு எங்கள் மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைகளிலும் நல்ல பேச்சு. அட்டை மேல் அச்சிடும் படத்துக்கு எங்கள் ஆபீசில் வேலை பழக வந்த பெண்ணையே உட்கார வைத்தோம். கையில் புத்தகத்தோடு, உன் வயதுதான். கதை முடியும்போது நம்பிக்கையாக இருக்க வேண்டுமல்லவா? அதனால், சட்டை விற்ற பணத்தில் அவள் மறுபடி பள்ளிக்குப் போகிறாள் என்று முடித்திருக்கிறேன். நீயும் எப்படியும் போகத்தானே போகிறாய்.

இந்த மாதக் கடைசியில் கம்பெனிப் பெரியவர்கள் உங்கள் தொழிற்சாலைக்கு வருகிறார்கள். மொழிபெயர்க்க நானும் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே, அங்கே என்னை அக்கா என்று கூப்பிட்டுவிடாதே. சொந்தத் தங்கையின் கதையை எழுதினேன் என்று தெரிந்தால் என் வேலைக்கே உலை. அட்டையைப் படித்தவர்கள், அங்கே யாரையாவது படிக்கிறாயா என்று கேட்பார்கள்; உன்னைக் கேட்டால் படிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடு. ஒரு வார்த்தைதானே.

சேர்க்கை விஷயம் அவர்கள் போன பிறகு பார்ப்போம்.

முத்தங்களுடன்,
அக்கா


ஜூலை 3

அக்காவுக்கு,

நீ வந்து போனதைப் பற்றி எழுதுகிறேன். நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் என் மேஜைப் பக்கத்திலிருந்து பார்க்கவில்லை.

நீங்கள் வருவதற்கு முன் தரையைக் கழுவினார்கள், எங்களுக்குப் புது முகமூடி கொடுத்தார்கள். நரைத்த முடி அம்மாள் என் முன்னால் நின்று, ஒரு பச்சைத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஏதோ கேட்டார். நீ என்னைப் பார்த்து, “நீங்க படிக்கிறீங்களா?” என்றாய்.

அக்கா என்று கூப்பிடக் கூடாது என்பதற்கு நான் தயாராக இருந்தேன். நீ என்னை ‘நீங்க’ என்பாய் என்று நினைக்கவில்லை.

“இல்லைங்க” என்றேன்.

நீ அவர்கள் பக்கம் திரும்பி, அவர்கள் மொழியில் பேசினாய். நான் சொன்னது ஒரு வார்த்தை. நீ பேசிக்கொண்டே இருந்தாய். ‘இல்லை’ அந்த மொழியில் அவ்வளவு நீளமா? அந்த அம்மாள் நெஞ்சில் கைவைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நீயும் தட்டினாய்.

பிறகு எனக்கு ஒரு பள்ளிப் பை கொடுத்தார்கள், வெட்டுத் துண்டுகளில் தைத்தது. மயில் நீலத்தையும் மை நீலத்தையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அப்படிக் கலந்து பிரித்தால் எங்களுக்கு இங்கே திட்டு விழும். பையைப் பக்கத்து மேஜைக்காரியிடம் கொடுத்துவிட்டேன். சோப்பும் சீப்பும் போட்டு வைத்திருக்கிறாள்.

அவள்தான் சாயங்காலம், “உன் பெட்டிக்குள்ள ஒட்டியிருக்கிற போட்டோவும் அந்த மேடமும் ஒரே சாடையா இருக்காங்களே?” என்றாள். “எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்” என்றேன். பயப்படாதே. உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது.

சேர்க்கை முடிந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லவில்லை. நீ சேர்த்துவிட்டாய் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நீ அவருக்கு அந்த அட்டையைக் காட்டியிருக்கிறாயாமே.

அந்தப் படத்தை நானும் பார்த்தேன். இந்த வாரம் எனக்குச் சட்டைகளில் அட்டை கோக்கும் வேலை. பெட்டி பெட்டியாக அந்தப் பெண்தான் இருக்கிறாள். நல்ல முகம். புத்தகத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள். என் கணக்குப் புத்தகங்களை அவளுக்கு அனுப்பலாம் என்று தோன்றியது, ஆனால் அவை கணக்கு டீச்சருடையவை.

இனிமேல் கடிதம் எழுதத் தோன்றினால் அவளுக்கே எழுது. அவள் பள்ளிக்குப் போகிறவள். நீ எழுதுவதெல்லாம் அவளுக்குப் புரியும்.

இப்படிக்கு,
அட்டை கோக்கும் பெண்