தேங்காய்ப்பூத் துண்டு

நவ. 11, செவ்வாய்
விடிஞ்சதிலேர்ந்து மழை. மினுவோட கூண்டுத் துணி நாலும் ஈரம். ஃபேனுக்கு அடியில நாற்காலி மேல.

மக கயல் அனுப்பின பட்டியல், தொலையாம இருக்க இங்கயும்:
– ஃபிளீஸ் துணி மட்டும். கடிச்சாலும் நூல் பிரியாது. ஓரம் மடிச்சு, தையல் உள்பக்கம்.
– பருத்தி, துண்டு, கம்பளி கூடாது. நூல் குடல்ல சிக்கிக்கும்.
– மரக்கடைத் தூள் வேணாம், மூச்சுக்கு ஆகாது. பாக்கெட்ல வர்ற உலர்ந்த பைன் சீவல்தான்.
– ஏ.சி. நிக்கக் கூடாது. சின்சில்லா வெக்கை தாங்காது.

மினுவுக்கு முயல் ரோமம், எலி மூஞ்சி. அதுக்கு இத்தனை. ஃபிரிட்ஜ்லயும் ஒட்டியாச்சு.

நவ. 12, புதன்
மழை விடல. வரிச்சிக்குடியில அக்காவுக்குக் காய்ச்சல், போய்ட்டு சாயங்காலம் வந்தேன். பகல்ல மினுவை கயலோட அப்பாதான் பாத்துக்கிட்டார்.

அடுப்புல கை வேலையா இருக்கப்ப கயல் போன். அவரே எடுத்துட்டார். மே மாசம் பெங்களூர்ல அவளா கல்யாணம் பண்ணிக்கிட்டதிலேர்ந்து பேசாத மனுஷன். செப்டம்பர்ல அவ வாடகை வீட்டுல பிராணி கூடாதுன்னாங்கன்னு கூண்டைக் கொண்டாந்து விட்டப்பகூட முகம் பாக்கல.

"சாப்பிட்டுச்சு. தூங்குது." அப்புறம், "நீ சாப்பிட்டியா?"

அடுப்பை அணைச்சிட்டு அப்படியே நின்னேன். குழம்பு பாதி வேக்காடு.

நவ. 13, வியாழன்
மினு தீவனம் தொடல. புழுக்கை இல்ல. வயிறு கல்லு.
கால்நடை டாக்டர்: "மாடு, ஆடு, நாய் பாப்பேங்க. இதைப் படத்துலதான் பாத்திருக்கேன்." பின்பக்கம் வெள்ளை நூல் ஒரு இழை தொங்குச்சு. "துணி எதுவும் தின்னுச்சா?"
ஃபிளீஸ்தாங்க போடுறேன்னேன். என் ஃபிளீஸ் நாலும் ஊதா.

வீட்டுக்கு வந்து, கூண்டுல மினு படுக்குற மரப்பெட்டிக்குள்ள கைய விட்டேன். அவரோட வெள்ளைத் தேங்காய்ப்பூத் துண்டு, நாலா மடிச்சு. ஒரு மூலையே இல்ல.
பின்னாடி நின்னார். "நேத்து நடுங்குச்சு. ஏ.சி. குளிரு. உன் துணியெல்லாம் ஈரமா இருந்துச்சு."
ஃபிரிட்ஜைக் காட்டினேன். "படிக்கலடி"ன்னார்.
கத்தணும்னு வந்துச்சு. அந்த முகத்தைப் பாத்து முடியல.

நவ. 14, வெள்ளி
சென்னையில இந்த ஜாதிப் பிராணியப் பாக்குற டாக்டர் ஒருத்தர், போன்ல பிடிச்சோம். ஆபரேஷன்தான், உறுதி சொல்ல மாட்டேன், உடனே கொண்டாங்கன்னார். வாடகைக் கார். கூடை, பக்கத்துல ஐஸ் பாட்டில். நான் மடியில வச்சுக்கிட்டேன்.
சீர்காழி தாண்டி, மூச்சு நின்னுடுச்சு. கனமே இல்ல.
அவர் வண்டிய நிறுத்தச் சொல்லி இறங்கி மழையில நின்னார். குடை எடுக்கல.
திரும்பிட்டோம். கொல்லையில அவரே குழி வெட்டினார்.
"கயல்கிட்ட நான் சொல்லிடுறேன்."
"வேணாங்க. நான் சொல்றேன்."
இப்பத்தான் பேச ஆரம்பிச்சாங்க ரெண்டு பேரும்.

நவ. 15, சனி
காலையிலயே கயலுக்குப் போன் போட்டு சொல்லிட்டேன். "துண்டு நான்தான் போட்டேன். ஃபிளீஸ் காயல."
"அவ்வளவு எழுதிக் குடுத்தேனேம்மா. நீ படிச்சேன்னுதான நெனச்சேன்." வச்சிட்டா.
அவர் நிலைப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருந்தார். சோறு எடுக்கல.

நவ. 18, செவ்வாய்
கயலுக்கு ரெண்டு தடவை போன் போட்டேன். எடுக்கல.
அவர்: "நான் உண்மையைச் சொல்லிடவா?"
சொன்னா அவ நம்ம ரெண்டு பேருக்குமே இல்லாம போயிடுவான்னேன். ஆனா இப்படி வலிக்கும்னு தெரியாது.

நவ. 23, ஞாயிறு
வெயில். கூண்டைக் கழுவிக் கவுத்தாச்சு. பாயசம் வைக்க பால் வாங்கினேன், ஏன்னு தெரியல. வைக்கல.
பதினோரு மணிக்கு கயல் போன், அவர் நம்பருக்கு. பத்து நிமிஷம். "மாப்பிள்ளை என்ன பண்றாரு?"ன்னு கேட்டார். முதல் தடவையா மாப்பிள்ளைன்னார். அப்புறம் என்னைப் பாத்துக்கிட்டே, "அம்மா பக்கத்துலதான் இருக்கா, குடுக்கவா?"
கையத் துடைச்சிக்கிட்டு எழுந்தேன்.
அவர் கொஞ்ச நேரம் காதுல வச்சிருந்துட்டு, போனைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார்.
"அவளுக்கு ஏதோ வேலையாம்."