நாற்பத்தொன்பது நாள் ஆட்டம்

ஜனவரி 8, 2025

கல்லூரி வாசலில் எனக்கு பிளெக்ஸ். 'கருந்துளையை ஆராய்ந்த கோவையின் கயல்விழி' என்று எழுத்து. பின்னால், குளியலறைத் தண்ணீர் சுழன்று இறங்குவதுபோல ஒரு படம். என்னைவிடப் பெரிதாகத் தாளாளர் சிரிக்கிறார். துறைத் தலைவர் கோவிந்தராஜுலு சார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஏனுங்க மேடம், போட்டோ நல்லா வந்திருக்குதுங்களா?" மூன்று வருடத்தில் ஆராய்ச்சி என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எனக்காவது எழுதி வைக்கிறேன். ஒரு கருந்துளை பக்கத்து விண்மீனிலிருந்து வாயுவை உறிஞ்சுகிறது. வாயு தட்டுப்போலச் சுழன்று எக்ஸ் கதிர் வீசுகிறது. ஒரு செயற்கைக்கோளின் பழைய பதிவுகளை அலசி, அந்த வீச்சு நாற்பத்தொன்பது நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்தேன். தட்டு ஆடுகிறது என்பது என் வாதம். பிப்ரவரி 20, பல்கலைக்கழகக் கருத்தரங்கில் இதைப் பேசுகிறேன். பேசி, கட்டுரையும் வெளிவந்தால் பணி நிரந்தரம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜனவரி 17

இங்கே பேராசிரியர்களுக்கு உரை. குத்துவிளக்குக்கு இருபத்தைந்து நிமிடம், பொன்னாடைக்குப் பத்து, கருந்துளைக்குப் பதினைந்து. கேள்வி நேரத்தில் கெமிஸ்ட்ரிக்காரர் எழுந்தார் — ராகுவும் இதுவும் ஒன்றுதானே? மெக்கானிக்கலுக்கு வேறு கவலை: இதில் எத்தனை பேப்பர் தேறும்? 'உனக்கு இது எப்படித் தெரியும்' என்று ஒருவராவது கேட்டாரா? குரூப் போட்டோவுக்கு மட்டும் நாற்பது பேரும் வந்து நின்றார்கள். மண்ணாந்தைகள்.

ஜனவரி 24

சென்னிமலைப் பக்கம் ஒரு கலைக் கல்லூரி. இருநூறு மாணவர்கள், பாதிப் பேர் மேஜைக்கடியில் செல்போன். கடைசியில் யாஸ்மின் என்று ஒரு பெண், பி.எஸ்சி. இரண்டாம் வருடம், எழுந்தாள்.

"மேடம், நான் லீவு நாள்ல பெட்ஷீட் செக்கிங் போறனுங்க. துணி முழுக்க ஒரே இடைவெளியில கோடு உழுந்தா நாங்க நூலைக் குத்தம் சொல்ல மாட்டமுங்க. தறியைத்தான் பாப்பமுங்க. உங்க மிஷின்ல அப்புடி ஏதும் இருக்காதுங்களா?"

"அது பெட்ஷீட்டும்மா. இது பிரபஞ்சம்" என்றேன். அரங்கமே சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். நல்ல பதில் என்றுதான் பஸ் ஏறும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 25

தறியாம், தறி.

ஜனவரி 28

அவள் சொன்னது தப்பு என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளத்தான் உட்கார்ந்தேன். அதே செயற்கைக்கோள், அதே நாட்கள். ஆனால் கருந்துளையை விட்டுவிட்டு, எதுவுமே இல்லாத ஒரு வெற்று வானத் துண்டை எடுத்துக்கொண்டேன். வரைபடம் போட்டேன்.

நாற்பத்தொன்பது நாள்.

வெற்று வானம் எப்படி ஆடும்? ஆடுவது செயற்கைக்கோள். அதன் பாதை மெல்லத் திரும்பிப் பழைய நிலைக்கு வர நாற்பத்தொன்பது நாளாகிறது. வழியில் கருவிமேல் விழும் துகள்களின் இரைச்சலும் அதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. அந்த இரைச்சலை நான் என்ன செய்தேன்? சராசரி எடுத்து, ஒரே எண்ணாகக் கழித்துவிட்டேன். மூணு வருசமா! எந்தக் கேனச்சியாவது இப்படிப் பண்ணுவாளா? ஊரையெல்லாம் மண்ணாந்தைன்னு எழுதி வெச்சிருக்கேனே — நான் யாரு?

ஜனவரி 30

கோவிந்தராஜுலு சாரிடம் சொன்னேன். பதறவே இல்லை. "அட, யாருங்க இதையெல்லாம் தோண்டிப் பாக்கப் போறாங்க? போய்ப் பேசிப்போட்டு வாங்க. ஆர்டர் கைக்கு வரட்டும், அப்பறமா திருத்திக்கலாமுங்க."

அவரைத் திட்டி ஒரு பக்கம் எழுதலாம். ஆனால் அறையைவிட்டு வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. முழுசாக ஒரு மணி நேரம். அதுதான் அசிங்கம்.

பிப்ரவரி 4

பேசுகிறேன், ஆனால் தலைப்பை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கருத்தரங்குக்கு எழுதிவிட்டேன். இதழுக்கு அனுப்பியிருந்த கட்டுரையையும் திரும்பப் பெற்றாகிவிட்டது.

பிப்ரவரி 20

பதினைந்து நிமிடத்தை ஐந்தாக்கி, சாப்பாட்டுக்கு முன்னால் தள்ளிவிட்டார்கள். இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். இது கருந்துளை, இது வெற்று வானம், இரண்டும் ஒரே ஆட்டம், தப்பு என்னுடையது. முன்வரிசையிலிருந்து ஒருவர், "அப்ப எதுக்கும்மா மேடை ஏறினீங்க?" என்றார். கொல்லென்று சிரிப்பு. நல்ல நக்கல்தான். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன். காது சூடாகி, சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 6

நிரந்தரப் பணி சுரேந்தருக்கு. எங்கள் துறைதான். ஏழு பேப்பர், ஏழிலும் ஒரே வரைபடம். இனிப்பு கொடுத்தான், வாங்கித் தின்றேன்.

மாலையில், சென்னிமலைக் கல்லூரியில் நம்பர் வாங்கி யாஸ்மினைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டதுதான் சரி, மிஷின்தான் ஆடியிருக்கிறது என்றேன்.

"அப்புடிங்களா" என்றாள். குரலில் சந்தோஷம் இல்லை.

"ஏம்மா, அன்னிக்கே இன்னொரு தடவை அழுத்திக் கேட்டிருக்கலாமே?"

"எல்லாரும் சிரிச்சுப்போட்டாங்களேங்க. அப்பறம் நான் கிளாஸ்லகூட ஏதும் கேக்கறதில்லீங்க."

"அவங்க கெடக்கறாங்க, விடு."

"நீங்களுந்தானுங்க சிரிச்சீங்க, மேடம்" என்றாள்.

அதையும் மரியாதை குறையாமல்தான் சொன்னாள். என்னவோ உளறிவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான், மன்னிப்பே கேட்கவில்லை என்பது உறைத்தது.

மார்ச் 11

இன்று விடுப்பு. சென்னிமலை போகிறேன். அதே அரங்கம் வேண்டும், அந்த இருநூறு பேரும் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். முதல்வர் தலைப்பு என்ன என்று கேட்டார். யாஸ்மினின் கேள்வி என்றேன்.