இறக்கத்தில் நிறுத்திய எஞ்சின்

1979 நவம்பர் 14, புதன்

மகள் செல்விக்கு இது நிறைமாதம். டாக்டரிடம் காட்ட இன்று காலை எங்கள் பழைய காரில் திருப்பத்தூருக்குக் கிளம்பினோம். மலை இறக்கம் தொடங்கியதும் என் வீட்டுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைத் தானாக உருள விட்டார்.

“இன்னாங்க இது? புள்ளத்தாச்சிப் பொண்ணு பின்னாடி குந்திக்கினு இருக்குது,” என்றேன்.

“பெட்ரோல் விக்கிற வெலைக்கு எறக்கத்துல எதுக்கு எஞ்சினு? இப்படி மிச்சம் புடிச்சாதான் வண்டிய வச்சிக்க முடியும்.”

மழையில் பாதை நனைந்திருந்தது. ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. இவர் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தார், வண்டி நிற்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்து மலையோரத்து மண்மேட்டில் மோதி நிறுத்தினார். யாருக்கும் அடி இல்லை. செல்வி இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.   மீதி இறக்கத்தில் இவர் எஞ்சினை நிறுத்தாமல் கியரிலேயே மெல்ல இறக்கினார்.

குழந்தை நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். பிரேக்கைப் பார்த்த மெக்கானிக்கோ உடனே பாகம் மாற்ற வேண்டும் என்றார். விலையைக் கேட்டுவிட்டு, “அடுத்த மாசம் பாத்துக்கலாம்,” என்று இவர் வண்டியை எடுத்துவிட்டார்.

வீடு வந்ததும் செல்வி என்னைத் தனியே அழைத்தாள்.

“எம்மா, வலி எடுத்தா அப்பாகிட்ட சொல்லாத. நாம பஸ்ஸுல போய்டலாம்.”

சரி என்றேன். பொழுது சாய்ந்தால் இங்கே பஸ் கிடையாது. ராத்திரியில் வலி எடுத்தால் அந்தக் கார்தான்.

அவள் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. போய்ப் பார்க்க வேண்டும்.