கையுறை மாட்டும்போதெல்லாம் வரும் சத்தம்

கோவில்பதாகை, ஆவடி
சித்திரை 20, ஞாயிறு

அன்புள்ள மகன் கௌதமுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மும்பையில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையில் கோயிலில் விளக்கு ஏற்றிவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியாயிற்று, பிடுங்கின அன்றைக்கே முறுக்கு இருக்கிறதா என்று டப்பாவைத் தேடுகிறார், என்ன ஜென்மமோ. தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஆட்டோ உள்ளே வராது, ஆவடி மார்க்கெட்டுக்குப் போய் வந்தால் மெயின் ரோட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன், வெயில் மண்டையைப் பிளக்கிறது. உன் சித்தி மகள் கனிமொழிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த ஐடி கம்பெனியிலேயே பெரிய வேலையாகப் போட்டுவிட்டார்களாம், திருமுருகன் சித்தப்பா உயிரோடு இருந்திருந்தால் தெரு முழுக்க லட்டு கொடுத்திருப்பார். நீ நேரத்துக்குச் சாப்பிடு, தயிர் சேர்த்துக்கொள், காதில் அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டே தூங்காதே. முறைக்கு எழுத வேண்டியதை எல்லாம் எழுதிவிட்டேன், இனி மனசில் இருப்பதை எழுதுகிறேன். உன்னை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது கௌதம். பெற்ற பிள்ளைக்கு இப்படி எழுதக் கை கூசுகிறது, வேறு வார்த்தை இருக்கிறதா என்று இரண்டு நாள் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மாசி மாசம் நீ இசை போட்ட தொடர் வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் நம் வீட்டு ஹாலில்தான் உட்கார்ந்து பார்த்தோம். கமலம் சித்தி கனிமொழியைக் கூட்டிக்கொண்டு, ஒரு தூக்கு நிறைய மசால்வடை சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். சித்தப்பா போன ஒன்பது மாசத்தில் அவள் சிரித்த முகமாக வெளியே கிளம்பியது அன்றைக்குத்தான், அக்கா பையன் பேரு டிவில வருதாம் என்று வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாளாம். உன் பேர் வந்ததும் கனிமொழி விசில் அடித்தாள், அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தொடரைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்லத் தெரியாது. எந்நேரமும் மழை, எந்நேரமும் இருட்டு, போலீஸ்காரன் வீட்டில்கூட ஒருத்தனும் லைட்டைப் போட மாட்டேன் என்கிறான், மூன்று நாள் குளிக்காதவன் போல ஒருவன் சிகரெட்டை ஊதிக்கொண்டே துப்பறிகிறான், அரை மணிக்கு ஒரு பெண்பிள்ளையைக் கொன்று ஏரிக்கரையில் கிடத்துகிறார்கள். கர்மம், இதைத்தான் இப்போது ஜனங்கள் பார்க்கிறார்கள் போல, பிள்ளையின் பிழைப்பு என்று வடையைத் தின்றுகொண்டு பார்த்தேன். அப்போது அந்தக் கொலைகாரன் மேஜை டிராயரைத் திறந்து ரப்பர் கையுறையை எடுத்து, அவசரமே இல்லாமல் விரல் விரலாக மாட்டுகிறான், உன் இசை வருகிறது. அடியில் என்னமோ உறுமுகிறது, அதற்கு மேலே ஒரு சத்தம், குழலா மனுஷக் குரலா என்று தெரியாமல் மெல்ல ஏறி, உச்சியில் உடைந்து, இரண்டு முறை விக்கி நிற்கிறது. கையிலிருந்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். சொற்களை எல்லாம் துடைத்து எடுத்து, இழுத்து நீட்டி, ஆளே தெரியாதபடி பண்ணியிருக்கிறாய், ஆனால் அந்த விக்கலை விட்டுவைத்தாய். ஐம்பது வருஷமாக அவள் அழும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவள் நான். பொம்மை உடைந்ததற்கும் அப்படித்தான் அழுதாள், பத்தாவதில் ஃபெயிலானதற்கும் அப்படித்தான், மூச்சு தீர்ந்து குரல் உடைந்து இரண்டு விக்கல். அந்தப் பாவி கையுறை மாட்டும்போதெல்லாம் என் தங்கை அழுகிறாள், முதல் எபிசோடு முடிவதற்குள்ளேயே மூன்று தடவை.

போன வைகாசியில் அந்தக் காலை உனக்கு ஞாபகம் இருக்கிறதா. சித்தப்பா திருமழிசை கம்பெனிக்குக் கிளம்பி, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே சுவரில் சாய்ந்து போய்விட்டார். நீ ரெக்கார்டிங் நடக்கிறது, வர முடியாது, வீடியோ காலில் கடைசியாக முகத்தைப் பார்த்துவிடுகிறேன் என்றாய். இப்போது எல்லாச் சாவு வீட்டிலும் நடக்கிறதுதான், துபாயில் இருக்கிறவனுக்கும் அமெரிக்காவில் இருக்கிறவளுக்கும் யாராவது ஒருவர் தலைமாட்டில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், நம் வீட்டில் நான் நின்றேன். முதலில் முகத்தைக் காட்டு என்றாய், காட்டினேன். அப்புறம் போனைச் சித்தி பக்கம் கொண்டு போம்மா என்றாய். மேளத்தை நிறுத்தச் சொல்லு, ஒன்றுமே கேட்கவில்லை என்றாய், வாசலுக்குப் போய் மேளக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொன்னேன். அந்த ஐஸ் பெட்டி மோட்டார் இரைகிறது, இரண்டு நிமிஷம் அணைத்து வையேன் என்றாய். வைகாசி வெயிலில், செத்தவர் படுத்திருக்கிற பெட்டியின் சுவிட்சை நான் என் கையால் அணைத்தேன். இன்னா பண்ற நீ, பைத்தியம் புடிச்சிக்கீதா என்று உன் அப்பா அதட்டினார், கண்ணாடியில் பனி பிடித்திருக்கிறது, பிள்ளைக்கு முகம் தெரியவில்லையாம் என்று எல்லார் முன்னாலும் பொய் சொன்னேன். வீடே அமைதியாகிவிட்டது, கமலம் மட்டும் எழுந்துருய்யா, கம்பெனி பஸ்ஸு பூடும்யா, எழுந்துருய்யா என்று பெட்டியைத் தட்டித் தட்டி அழுதாள். நான் போனை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போய்ப் பிடித்தேன். பிள்ளை அங்கே தனியாக உட்கார்ந்து அழுகிறான், சித்தி குரலையாவது கேட்டு மனசு ஆறட்டும் என்று நினைத்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். நீ அழவில்லை, பதிவு பண்ணிக்கொண்டிருந்தாய். போதும்மா என்று சொல்லிவிட்டு வைத்தாய், எதற்குப் போதும் என்கிறான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. சீ, எப்படியடா உனக்கு மனசு வந்தது. சித்தப்பா உன்னைச் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துப் பூந்தமல்லி வரை கூட்டிக்கொண்டு போய் முதல் கீபோர்டு வாங்கிக் கொடுத்தவர்.

தொடர் பார்த்த மறுநாள் போனில் உன்னிடம் கேட்டேன், அந்தக் கையுறைச் சத்தம் எதுடா என்று. அதெல்லாம் கம்ப்யூட்டரில் செய்ததும்மா என்றாய், வாய் கூசாமல். சரி, எனக்குத்தான் சாவு வீட்டு நினைப்பு போகவில்லை போலிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன். போன மாசம் உன் பேட்டியை அப்பா போனில் போட்டுக் காட்டினார். அந்தச் சத்தத்துக்கு விருதுப் பட்டியலில் உன் பேர் வந்திருக்கிறதாம், எங்கிருந்து பிடித்தீர்கள் என்று அந்தப் பெண் கேட்கிறாள், நீ தாடியைத் தடவிக்கொண்டு, எங்க ஊர்ப் பக்கம் கிடைச்சது என்கிறாய். கிடைத்ததா? தெருவில் விழுந்து கிடந்ததா, நீ குனிந்து எடுத்துக்கொண்டாயா? அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவர், சவுண்டுதானே லோகா, மூஞ்ச காட்டலயே, பேரு சொல்லலயே, அவன் தொழிலு அது, வுட்டுடு என்றார். அவருக்கு உன் மேல் இருக்கிற பெருமையைக் கீழே இறக்கி வைக்க மனசில்லை. அன்றிலிருந்து அவருக்கு வேளைக்குத் தட்டு வைக்கிறேன், பேச்சு வைத்துக்கொள்வதில்லை. இதில் கனிமொழி செய்தது வேறு. ஆசை அண்ணன் இசை என்று அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துத் தன் போனிலும் அவள் அம்மா போனிலும் ரிங்டோனாக வைத்திருக்கிறாள். பெற்ற அப்பனுக்குத் தாய் அழுத அழுகை என்று தெரியாமல் அந்தப் பெண் அதை ஆபீஸில் எல்லாருக்கும் போட்டுக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்கிறது. கமலத்தோடு காய்கறிக் கடையில் நிற்கும்போது அது அடிக்கிறது, ரேஷன் வரிசையில் அடிக்கிறது, நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

இப்படியே எத்தனை நாள் என்று போன வெள்ளிக்கிழமை காலை சமையலைக்கூட முடிக்காமல் கமலம் வீட்டுக்குப் போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வெயில், தண்ணீர் லாரி என்று எதையோ பேசினேன், அப்புறம் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன், போன் பிடித்தது, மேளத்தை நிறுத்தச் சொன்னது, பெட்டியை அணைத்தது, எல்லாம். அவள் கீரையைக் கீழே வைக்கவே இல்லை. எனக்குத் தெரியும்க்கா, உன் வூட்ல பாத்த அன்னிக்கே தெரியும், என் தொண்டை எனக்குத் தெரியாதா என்றாள். அப்புறம் ஏன்டி அந்தச் சனியனைப் போனில் வைத்துக்கொண்டு திரிகிறாய் என்றேன். கனிமொழி ஆசையா வெச்சா, எடுன்னா ஏன்னு கேப்பா, நான் இன்னான்னு சொல்றது, உங்கப்பன் பொணத்தாண்ட நான் கத்துனதத்தான் நீ காதுல வெச்சிகினு சுத்துறன்னு சொல்லவா என்றாள். இன்னும் சொன்னாள், கௌதம் வாரா வாரம் போன் பண்றான்க்கா, இன்னிக்குச் சொல்லுவான், இன்னிக்குச் சொல்லுவான்னு எடுக்கறேன், சாப்ட்டியா சித்தி, பிரஷர் மாத்திரை போட்டியா சித்தின்னு கேட்டுட்டு வெச்சிடறான் என்று. அவன் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டிருந்தா குடுத்திருப்பேன்னு நெனச்சிக்காதக்கா, சத்தியமா குடுத்திருக்க மாட்டேன், அவனுக்கும் அது தெரியும், அதான் கேக்கல, அது அவருக்கு அழுதது என்றாள். அதற்கு மேலே அவள் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை கௌதம். மாசியிலிருந்து அவளால் சித்தப்பாவை நினைத்து அழ முடியவில்லையாம். அழுகை வந்தால் அந்தக் கொலைகாரன் கைதான் கண்ணில் வருகிறதாம், உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாளாம். தெவசத்தன்னிக்கு அய்யரு முன்னால கல்லு மாரி ஒக்காந்திருப்பேன்க்கா, ஊரு இன்னா வேணா பேசட்டும் என்றாள். அவள் புருஷனை எமன் கொண்டுபோனான், சரி, விதி என்று விட்டாள். அவருக்காக அழுகிறதையும் நீ கொண்டுபோய்விட்டாயேடா.

நான் அவள் காலைத் தொட்டேன், தங்கை என்று பார்க்கவில்லை. அவள் பதறி எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் பரவாயில்லை என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கு அது போதும், என் பங்கை நான் ஒப்புக்கொண்டாயிற்று. உன் பங்கு பாக்கி இருக்கிறது. சித்தப்பாவின் வருஷ திதி வைகாசி பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இன்னும் மூன்று வாரம். அதற்கு முன்னால் நீ வர வேண்டும். வந்து சித்தி எதிரில் உட்கார்ந்து செய்ததை உன் வாயால் சொல்ல வேண்டும், கனிமொழிக்கும் நீயே சொல்ல வேண்டும், அந்தப் பாரத்தையும் கமலம் தலையில் வைக்காதே. அடுத்த பாகத்திலும் அதே சத்தம் வரப்போகிறதாமே, பேட்டியில் சொன்னாயே, அதை எடு. எடுக்க முடியாது, ஒப்பந்தம், கம்பெனி என்று எதையாவது சொல்வாய், அது உன் பாடு, மோட்டாரை நிறுத்த வழி கண்டுபிடித்தவனுக்கு இதற்கும் வழி தெரியும். விருது கொடுத்தால் வாங்காதே. வாங்கினால் அதைத் தூக்கிக்கொண்டு இந்த வாசலுக்கு வராதே, அப்பா வேண்டுமானால் மெயின் ரோட்டில் வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகட்டும். போனில் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதே, இனி போனில் உன்னிடம் எதையும் பேச எனக்குப் பயமாக இருக்கிறது, நான் அழுதால் அதையும் எதற்காவது வைத்துக்கொள்வாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

கோபத்தில் எழுதினாலும் நீ என் பிள்ளைதான், நல்லபடியாக இரு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, அம்மன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், உனக்கு நல்ல புத்தியையும் கொடுக்கட்டும். கடைசியாக ஒன்றை மறக்காதே. நேற்று அப்பாவிடம் பேச்சை விட்டிருந்தவள் இதைச் சொல்வதற்காக மட்டும் வாயைத் திறந்தேன். நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால் என் தலைமாட்டில் உனக்காக யாரும் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன், அவரும் சரி என்றார். பார்க்க வேண்டும் என்றால் நீ வந்துதான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
ஜெ. லோகநாயகி