அண்ணன் எழுத்தில் ஒரு விஷப்புட்டி

என் அருமை அண்ணனுக்கு,

பெங்களூரைத் தாண்டி அத்திபெலேயில் ஒரு மளிகைக் கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காகிதத்தை மடியில்தான் வைத்திருக்கிறேன். இந்தக் கோழிக் கிறுக்கலைப் பார்த்தால் நீ கேலி செய்வாய், செய்துகொள்.

நீ கண்மூடிய பிறகும் உன் எழுத்து பெங்களூர் முழுக்கச் சுற்றுகிறது. நீ தூரிகையால் எழுதிக் கொடுத்ததை ஈயத்தில் வார்த்தார்களே, அந்த அச்சுக்கு நான் எழுத்துக் கோக்கும் பிரஸ்ஸில் ஓய்வே கிடையாது. நயா பைசா வந்ததிலிருந்து விலைச்சீட்டெல்லாம் புதிதாக அடிக்கிறோம். மல்லேஸ்வரத்துக் காபிப்பொடி, சோப்பு, கல்யாணப் பத்திரிகை, எதற்கும் அந்தச் சாய்ந்த எழுத்தைத்தான் கேட்கிறார்கள். அதில் எதைக் கோத்தாலும் வீட்டு மனிதர் யாரோ அவசரமாக எழுதி வைத்ததுபோல இருக்கும். யாருக்கும் சந்தேகமே வராது. அந்தக் குணம்தான் இன்று என்னை இங்கே ஓடவைத்தது.

போன வாரம் மூட்டைப்பூச்சி மருந்து தயாரிக்கிறவர் லேபிள் அடிக்க வந்தார்.

"தடி எழுத்து வேணாம்மா, பார்த்தாலே ஜனங்க பயப்படறாங்க. உங்க அண்ணன் எழுத்துலயே போட்டுடுங்க" என்றார்.

போட்டேன். 'விஷம்' என்ற சொல்லையும் அதிலேயே கோத்தேன். தடித்த எழுத்துக்கு வேறு பெட்டியை இழுக்க வேண்டும், சோம்பல். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அண்ணா. எனக்கு ஏன் உறைக்கவில்லை?

அவர் கொடுத்த மாதிரிப் புட்டி ஒன்றைக் கட்டிலுக்கு அடிக்கலாம் என்று வீட்டுக்குக் கொண்டுபோனேன். இன்று காலை அம்மா அதைக் கரண்டியில் ஊற்றி வாயருகே கொண்டுபோய்விட்டாள். ஜலதோஷத்தில் வாசனை தெரியவில்லை. ஓடிப்போய்த் தட்டிவிட்டேன்.

"என்னடி பண்ற? நம்ம பெரியவன் எழுத்துதானே. இருமலுக்கு நீ வாங்கியாந்திருக்கேன்னு நெனச்சேன்."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, உன் எழுத்து மட்டும் அடையாளம் தெரியும். பெற்ற பிள்ளையின் எழுத்து தன்னைக் கொல்லும் என்று அவள் எப்படி நினைப்பாள்?

மருந்துக்காரரிடம் போய்க் கேட்டேன், மற்றப் புட்டிகள் எல்லாம் இந்தக் கடைக்கு வந்துவிட்டனவாம். கிடைத்த பஸ்ஸில் ஏறி ஓடி வந்தேன். கடைக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். காலையில் விற்ற ஒன்று மட்டும் இல்லை.

"என்ன மருந்துன்னு சொல்லிக் குடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"அது எங்கேம்மா கேட்டுச்சு? கைக்குழந்தையோட வந்த பொம்பளை. அந்த அழகான புட்டியைக் குடுங்கன்னுச்சு, குடுத்தேன்" என்றவர் முகம் வெளுத்துப்போய் சைக்கிளை எடுத்தார். "வீடு தெரியும், இருங்க, வந்துடறேன்."

போய் அரைமணி ஆகிறது. எனக்கு ஜெபம்கூட வாயில் வரவில்லை.

அதோ வருகிறார். சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டு வருகிறார். முகம் இங்கிருந்து தெரியவில்லை.

அவர் வாய் திறப்பதற்குள் உனக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறேன். எந்தச் சேதியானாலும் அந்த வீட்டு வாசலுக்கு நானே போவேன். எழுதியது யார் என்று கேட்பார்கள். என் அண்ணன் அல்ல, நான்தான் என்று சொல்வேன்.

உன்னோடு பிறந்த ஒரே தங்கை,
ரோஸி