பையில் காய்த்த மிளகு

ஆனி 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். ஆராய்ச்சி மையத்தில் நாற்றுப் பதிவேடு எழுதும் வேலை. பாதியில் எழுந்து மூன்று முறை டீ. பேராசிரியர் பார்த்துவிட்டு, "என்னப்பா, கால்ல சக்கரமா?" என்றார்.

சோளக்காட்டில் நர்சரி வைத்திருக்கும் பொன்னி அக்காவின் போன்தான் காரணம். "கண்ணு, நீங்க குடுத்த மொளகுச் செடி பையிலயே காய் புடிச்சிருச்சு! யுனிவர்சிட்டி செடின்னா சும்மாவா?"

பையிலேயே காய்ப்பது எது என்று எனக்குத் தெரியும்.

ஆனி 4, புதன்

மழை இல்லை. தூக்கமும் இல்லை. இங்கேயாவது எழுதித் தொலைக்கிறேன். மாசியில், விவசாயிகள் பயிற்சி முகாமுக்கு முன், நாற்றுக்கு வெட்டும் மிளகுக் கொடி, தரையில் ஓடுவது, தீர்ந்துபோனது. பேராசிரியர் ஊரில் இல்லை. பை நிரம்ப வேண்டுமே என்று காய்க்கிற பக்கக் கிளைகளையும் வெட்டி நட்டவன் நான். ஓடுகொடி மரத்தைப் பிடித்து ஏறும். பக்கக் கிளை ஏறவே ஏறாது. முழங்கால் உயரப் புதராக நின்று நாலு காய் காட்டும், அவ்வளவுதான். பிறகு தனியாகப் பிரித்துவிடலாம் என்றிருந்தேன். மறந்துபோனேன். அந்த இருபது பையும் முகாமில் பொன்னி அக்காவுக்குப் போய்விட்டது.

வேலை நீட்டிப்புக் கடிதம் இந்த மாதம் வர வேண்டும்.

சோப்பு, அம்மாவுக்கு மாத்திரை. இரண்டும் வாங்கவில்லை.

ஆனி 6, வெள்ளி

ஆளைத் தள்ளும் காற்று. பைகளைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று சோளக்காடு போனேன். கேவலமான யோசனை. அதற்கும் வழியில்லை.

"தேவனூர் மாணிக்கம் அண்ணன் இருவதையும் எடுத்துட்டுப் போயிட்டாரு கண்ணு. காய் புடிச்சது பூராம் அவருக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன்."

சொல்லிவிட்டேன். அக்காவின் சிரிப்பு நின்றது. 'யுனிவர்சிட்டி செடி' போர்டைக் கழற்றி, எழுத்து தெரியாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

"அவருகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே போய்ச் சொல்லு, சாமி."

ஆனி 7, சனி

காலையிலேயே பேராசிரியரிடம் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "நடந்ததை எழுதிக் குடுத்துட்டுப் போ." நீட்டிப்புக் கடிதம் பற்றி நான் கேட்கவில்லை. பஸ்ஸில் காலடியில் இருபது நல்ல நாற்று.

மையத்திலிருந்து வருகிறேன் என்றதுமே மாணிக்கம் அண்ணன் தோட்டத்துக்கு இழுத்துப் போனார். ஒவ்வொரு சில்வர் ஓக் மரத்தடியிலும் ஒரு செடி. மரத்தோடு சேர்த்து வாழைநாரால் கட்டிவிட்டிருக்கிறார். "பாருங்க, காயோட வந்த செடிங்க!"

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"ஏறாதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"வெட்டறப்பவே தெரியுமுங்க."

கடப்பாரையை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

ஏழாவது குழியில் பழையதைப் பிடுங்கி நல்ல நாற்றை நட்டு முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. மரத்தடியில் ஒதுங்கி இதை எழுதுகிறேன். இன்னும் பதின்மூன்று.